தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

ஸுல்பிகா எனக்குப் பக்கத்து வீடு. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அதில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை. உப்பு, தீப்பெட்டி, கறி, கோள் எல்லாம் அந்த ஓட்டையால்தான் போய் வரும். குறிஞ்சிப்பிட்டியில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்கள் சொல்கிற கதையில் பாதி பொய். பெற்ற பிள்ளையை அடுத்தவளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறவள் என்கிறார்கள். அந்த அடுத்தவள் நான்தான். அதனால் இதை நான் எழுதுகிறேன்.

அவள் மன்னார்ப் பக்கம். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் ஆட்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவளுக்கு நாலு வயது. கற்பிட்டிக்கு வந்த வள்ளம் ஒன்றில் உம்மாவோடு வந்தாள். உம்மாவின் மடியில் தம்பி, பிறந்து இருபது நாள். கரையில் இறங்கும்போது அந்தப் பிள்ளைக்கு மூச்சு இல்லை. இதை அவள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் கதைத்தாள், இறால் உரித்துக்கொண்டு. தம்பி அழவே இல்லையாம். உம்மாவுக்குப் பின்னால் ஒரு பொம்பிளை இருந்து, பிள்ளையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாளாம். கரையில் ஆட்களை எண்ணும்போது அப்படி ஒரு ஆள் இல்லையாம். நாலு வயதுப் பிள்ளைக்கு நடுக்கடல் வெயிலில் என்னவும் தெரியும் என்று சொன்னேன்.  இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

முகாமில் வளர்ந்தாள். முஸம்மிலைக் கலியாணம் முடித்தாள். அவன் கடல் தொழில், சீசனுக்கு உச்சமுனையில் வாடி போட்டுத் தங்குகிறவன். அவள் வெங்காயத் தோட்டத்தில் நாள் கூலி. இரண்டு பசளை மூட்டையை ஒன்றாகத் தூக்கி வரம்பில் நடப்பாள். தோட்டத்து மோட்டர் நின்றால் ஆம்பிளைகளைக் கூப்பிட மாட்டாள், தானே கழற்றுவாள். வீண் கதை கிடையாது. எனக்கு அவளைப் பிடித்துப் போனதற்கு அதுதான் காரணம்.

மூன்று பிள்ளை பெற்றாள். மூன்றும் நாற்பது நாள் தாண்டவில்லை. முதல் பெண் பிள்ளை ஒன்பதாம் நாள் போனது. இதயத்தில் ஓட்டை என்றார்கள். அடுத்தது ஆண், இருபத்தாறாம் நாள், காய்ச்சல். மூன்றாவது பெண். முப்பத்திமூன்றாம் நாள் ஏணைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை. அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து பார்த்தால் ஆறிப்போய்க் கிடந்தது. அதற்கு டொக்டர்மார் ஒரு பேரும் சொல்லவில்லை. மூன்றும் உச்சி வெயிலில், ளுஹர் பாங்குக்கு முந்தி.

நான் கிளினிக்கை நம்புகிற ஆள். புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் இரத்தம் சோதிக்க வைத்தேன். ஒரு குறையும் இல்லை என்று எழுதித் தந்தார்கள். குறை இல்லை என்று கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவள், அந்தக் கடுதாசியை மடித்துக்கொண்டு அழுதாள். நாலாவது பிள்ளை வயிற்றில் தங்கியதும் ஓடத் தொடங்கினாள்.

முதலில் ஓதிப் பார்க்கிற லெப்பை. பிங்கான் தட்டில் எழுதிக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார், தாயத்துக் கட்டினார். உம்மு சிப்யான் என்கிற ஜின் என்றார், பச்சைப் பிள்ளைகளைத் தேடி வருகிறது. அடுத்தது தலவில் அன்னம்மாள் வேதக் கோயில். வளவு மணலில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கிழவர் இவள் தலையில் கை வைத்துப் பார்த்து, பசாசு மகளே என்றார். ஒரு போத்தல் எண்ணெயும், நீல நாடாவில் கோத்த மெடலும் கொடுத்தார். பாலாவிக்கு அங்கால் பேய் விரட்டுகிற ஒரு சிங்களக் கட்டாடி பாக்குவெட்டியால் ஏழு தேசிக்காய் வெட்டினார். களு குமாரயா என்றார், கறுத்த குமாரன். வெள்ளை நூல் கட்டி அனுப்பினார். கடைசியில் உடப்புப் பக்கம் ஒரு காளி கோயில். அங்கே வாக்குச் சொன்ன அம்மா, இது கொத்தி, பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றுகிறது என்று செப்புத் தகட்டைக் கையில் வைத்தாள்.

இரண்டு இடத்துக்கு நானும் போனேன். நம்பிப் போகவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி பஸ்ஸில் தனியாகப் போகக் கூடாது என்று போனேன். ஒவ்வொருவரும் மற்றவர் கட்டியதைக் கழற்றச் சொன்னார்கள். அவள் ஒன்றையும் கழற்றவில்லை. ஏழாம் மாசம் அவளைப் பார்த்தால் சில்லறைக் கடை வாசல் மாதிரி, கழுத்திலும் கையிலும் இடுப்பிலும் தொங்கும்.

உடப்பிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ராத்தா, ஒண்டு தெரியுமா? நாலு பேரும் என்ட பேரத்தான் கேட்டாங்க. ஒருத்தரும் அவர்ட பேரக் கேக்கல."

"அதுக்கென்ன? ஓதுறவங்க எல்லாரும் தாய்ட பேரத்தான் கேப்பாங்க."

"ஏன்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்றேன்.

"அதுக்குப் புள்ளையத் தெரியா," என்றாள். "புதுசா வந்த புள்ளைய எப்பிடித் தெரியும்? என்னத்தான் தெரியும். என்னை வெச்சுத்தான் தேடி வருது."

பஸ் நிறைய ஆட்கள், பாட்டுச் சத்தம், மீன் கூடை நாற்றம். அவ்வளவுக்கும் நடுவில் எனக்கு முதுகு கூசியது. வாயைப் பொத்திக்கொண்டு வா என்று ஏசினேன்.

தவிட்டுக் கதையைச் சொல்லிக் கொடுத்தது அவளோடு வெங்காயம் கிண்ட வருகிற ஒரு உடப்பு அக்கா. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு அடுத்தவளுக்கு விற்றுவிட வேண்டுமாம். தேடி வருகிறது தாயைப் பார்க்கும், தாயிடம் பிள்ளை இல்லை, போய்விடும். நாற்பது கழிந்ததும் தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கலாம். ஸுல்பிகா விசாரித்துப் பார்த்தாளாம். அன்னம்மாளுக்குப் பிள்ளையைக் கொடுத்து மீட்கிற வழக்கம் வேதக்காரரிடமும் இருக்கிறது. கட்டாடியிடம் கேட்டால் தங்கள் ஆட்களிலும் வேறு வீட்டில் வளர்ப்பார்கள் என்றாராம். அதற்கு என்ன பேர் என்பதில் நாலு பேரும் ஒத்துப்போகவில்லை. அதை ஏமாற்றுகிற வழியில் ஒத்துப்போனார்கள்.

வாங்குகிற ஆளாக அவள் என்னைக் கேட்டாள். பள்ளி ஹஸரத்துக்குத் தெரிந்தால் இரண்டு பேரையும் கிழித்துப்போடுவார் என்றேன். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், போகவில்லை. கோழிக்கு வைத்திருந்த தவிடு குசினி மூலையில் கிடந்தது. ஒரு சிரட்டைத் தவிட்டால் ஒருத்திக்கு நிம்மதி வருமென்றால் வரட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் விற்பனை நடந்தது. ரோட்டு வாசல் படலையால் கொண்டுவரக் கூடாதாம். வேலி ஓட்டையால் சுளகில் வைத்துத் தள்ளினாள். நான் தவிட்டுச் சிரட்டையை அந்தப் பக்கம் நீட்டினேன். இந்தத் தவிட்டுக்கு வித்துட்டேன் என்றாள். இது என்ட புள்ள என்று நான் மூன்று தடவை சொன்னேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏழாம் நாள் பேர் வைத்ததும் நான்தான், முஆஸ்.

அதன் பிறகு அவள் என் வீட்டுக்குப் பால் கொடுக்க வருகிற கூலிக்காரி மாதிரி ஆகிவிட்டாள். மகன் என்று சொல்வதில்லை. பேரையும் சொல்வதில்லை. பிள்ளை அழும்போது அவள் சட்டை நனைந்துபோகும். நனைந்த சட்டையோடு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். நான் கூப்பிட்டால்தான் வருவாள். வந்து, "உங்கட புள்ளைக்குப் பசிக்குதா ராத்தா?" என்று கேட்பாள்.  முஸம்மில் வாடியிலிருந்து வந்து, என்ட மகன் எங்க என்று வாசலில் நின்று கேட்டான். ஓடிப்போய் அவன் வாயைக் கையால் பொத்தினாள்.

ஒன்பதாம் நாளிலிருந்து அந்த ஈரம் தொடங்கியது.

அவள் பிள்ளை பெறாதவள் மாதிரி, காலையில் முற்றத்து மணலைக் கூட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போவாள், பால் நேரத்துக்கு மட்டும் என் வீட்டுக்கு வந்து போவாள். வீட்டில் ஆள் இல்லை. உச்சி நேரம் நான் வேலிக்கு மேலால் பார்த்தபோது அவள் வாசற்படிக்கு முன்னால் மணல் நனைந்திருந்தது. வாளி கவிழ்ந்த ஈரம் மாதிரிப் பரவி இல்லை. நனைந்த உடுப்போடு யாரோ குந்தி இருந்துவிட்டு எழும்பிய மாதிரி, ஒரு ஆள் அளவுக்கு வட்டமாக. மழை பெய்து இரண்டு மாசம். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற காலம், எந்த ஈரமும் அஞ்சு நிமிஷம் நிற்காது. அது நின்றது.

அடுத்த நாளும் பார்த்தேன், ஒரு முழம் தள்ளி இருந்தது. அதற்கடுத்த நாள் இன்னொரு முழம். நாளுக்கு நாள் வேலிப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் தண்ணீர்க் குழாயும் இல்லை, ஆடு மாடும் இல்லை. கடைசியில் ஒரு நாள் ஓட்டையால் குனிந்து போய் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. களப்பு எங்கள் வளவிலிருந்து அரை மைல் தூரம். விரலைத் துடைத்துக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தேன். ஸுல்பிகாவிடம் சொல்லவில்லை. சொல்லி அவளை வேறு ஏன் நடுங்க வைக்க வேண்டும்.

முப்பத்தோராம் நாள். மகள் றிஃப்னா பள்ளிக்கூடம் போயிருந்தாள். பிள்ளை குசினிக்கு உள்ளே பாயில் தூங்குகிறான். நான் வாசலில் குந்தி இருந்து சூடை மீன் வெட்டுகிறேன், பூனை ஒரு பக்கம், காகம் ஒரு பக்கம். படலையில் ஒரு பொம்பிளை நின்று தண்ணீர் கேட்டாள். இருங்க, கைய கழுவிட்டுத் தாறேன் என்றேன். மீனைப் பூனை தூக்கிவிடும் என்று அதிலேயே என் கண். உள்ளே பிள்ளை சிணுங்கினான்.

"யாருட புள்ள?" என்று கேட்டாள்.

"பக்கத்து வீட்டு ஸுல்பிகாட," என்றேன்.

அவ்வளவுதான். யாரும் கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னேன். சொன்ன பிறகுதான் கத்தி கையில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். படலையில் யாரும் இல்லை. எழும்பி ஓடிப்போய் ரோட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெயில்தான், ஒளிந்துகொள்ள ஒரு மரம் இல்லை. கிடுகைப் பிய்க்கிற காற்று அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, அந்தப் பொம்பிளையின் சீலை அசையவே இல்லை. படலைக்குக் கீழே மணல் நனைந்திருந்தது.

பின்னேரம் அஸருக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல். பால் இழுக்கவில்லை. பிறகு உடம்பு குளிர்ந்துபோய்க் கண்ணைப் பாதி திறந்தபடி கிடந்தான். ஸுல்பிகா அரிசி களைந்துவிட்டு வந்து ஏணையைப் பார்த்த நாளின் அதே பார்வையோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் த்ரீவீலைப் பிடித்தேன். கற்பிட்டி ரோட்டில் புத்தளம் வரை அவன் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டே போனேன்.

வார்ட்டில் நேர்ஸ் மிஸ்ஸி தாய் யார் என்று கேட்டாள். ஸுல்பிகா என்னைக் காட்டினாள். நாற்பத்தெட்டு வயதில் நான் ஒரு பக்கம், சட்டை முழுக்கப் பால் நனைந்து அவள் ஒரு பக்கம். மிஸ்ஸிக்குக் கோபம் வந்தது. விளையாடுறீங்களா, பெத்தது யாரு என்று சிங்களத்தில் கத்தினாள். ஸுல்பிகா கையை இறக்கவில்லை. என்னையே காட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் கிளினிக் புத்தகத்தைப் பார்த்து மிஸ்ஸி எழுதிக்கொண்டாள். தாயின் பேரை வாய் விட்டு வாசிக்கப் போனபோது ஸுல்பிகா அவள் கையைப் பிடித்து, வாசிக்காதீங்க மிஸ்ஸி என்று கெஞ்சினாள்.

இரத்தத்தில் கிருமி என்றார்கள். ஏழு நாள் ஊசி. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசியால்தான் பிழைத்தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த ஏழு நாளும் நான் படலைப் பொம்பிளைக்குச் சொன்ன மூன்று சொல்லையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பது கழிந்த அன்று காலை ஸுல்பிகா குளித்து, புது உடுப்பு உடுத்து, புதுச் சட்டி நிறையத் தவிட்டோடு வந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். முன்பல்லில் ஒன்று கொஞ்சம் வளைந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளை என் மடியில். அவள் சட்டியை நீட்டினாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஏதும் நடந்தால் அவள் முகத்தை வேலிக்கு மேலால் நான் எப்படிப் பார்ப்பது?

"பொறு ஸுல்பிகா," என்றேன். நடந்ததைச் சொன்னேன். மணல் ஈரத்தையும் சொன்னேன்.

அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் தவிட்டுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மணலில் குந்தி இருந்தாள்.

"என்ன பாஷையில கேட்டா?"

வாயைத் திறந்தேன். தெரியவில்லை. தமிழா, சிங்களமா? கேட்டது விளங்கியது, பதில் சொன்னேன். எந்தப் பாஷை என்று இல்லை.

"தலையில முக்காடா? நெத்தியில பொட்டா? கழுத்தில செபமாலை ஏதும்?"

ஒன்றும் தெரியவில்லை. சீலை மட்டும்தான். அதன் நிறமும் தெரியாது.

"நீங்க சொன்னத, சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். காற்று சட்டியிலிருந்த தவிட்டை மேலால் வழித்துக்கொண்டு போனது. அவள் கையால் மூடவில்லை.

"அப்ப அதுக்குத் தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சு என்ன செய்ய? ஊசி போட்டுப் புள்ளைய எடுத்தாச்சு. நாப்பதும் போயிட்டு. நீ புடி, கொண்டு போ."

"இல்ல ராத்தா. நீங்க அதுக்கிட்ட என்ட பேரச் சொன்னீங்க. அது ஆஸ்பத்திரிக்கும் வந்திருக்கும். அங்க நான் உங்களக் காட்டினேன். ரெண்டும் ரெண்டு கதை. அதான் எடுக்காமப் போயிருக்கு. எது உண்மையெண்டு பாத்துக்கிட்டிருக்கு." பிள்ளையைப் பார்க்காமல், என் காலடி மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இண்டைக்கு நான் வாங்கினா நீங்க சொன்னது உண்மையாயிடும்."

நான் என்னென்னவோ சொன்னேன். ஏசினேன். பைத்தியமா என்றேன். குற்றம் என்னுடையது, அதை நீ சுமக்காதே என்றும் சொன்னேன். அவள் எழும்பி, சட்டித் தவிட்டை என் கோழிகளுக்குக் கொட்டினாள். கோழிகள் ஓடி வந்தன. சட்டியைத் தட்டிக் கவிழ்த்துக்கொண்டு, குனிந்து ஓட்டையால் போய்விட்டாள்.

முஸம்மில் ஒரு மாசம் சண்டை பிடித்தான். பிறகு ஹஸரத்தைக் கூட்டி வந்தான். அவர் நல்ல மனுஷன். இது ஷிர்க், இணை வைக்கிற பாவம், உயிர் அல்லாஹ்வின் கையில், போய் உன் பிள்ளையை எடு என்று அமைதியாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவள் சொன்னது இதுதான்: "நீங்க சொல்றது சரி ஹஸரத். நான் ஈமானோடதான் இருக்கேன். ஆனா மூணு புள்ளைக்கும் கபன் புடவை தைச்சது நான்." அவர் எழும்பிப் போய்விட்டார். முஸம்மில் இப்போது என் வீட்டுக்கு மீன் கொண்டுவருவான், பிள்ளையைத் தூக்குவான். தகப்பன் தூக்கினால் பரவாயில்லையாம். அந்த நாலு பேரில் யாரும் தகப்பன் பேரைக் கேட்கவில்லையே.

முஆஸுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. என்னை உம்மா என்கிறான், அவளை மாமி. பெற்றவள் பேர் போட்ட பிறப்புச் சாட்சிப் பத்திரம் என் அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது என்ன செய்வது என்று கேட்டால், அதை அப்ப பாப்பம் என்கிறாள். நாலு இடத்துக் கயிறுகளும் இன்னும் அவள் உடம்பில் கிடக்கின்றன. நிறம் போய் எது எது என்று தெரியாது.

போன கிழமை உச்சி வெயிலில் அவன் அவளுடைய முற்றத்தில் ஓடி விழுந்தான். முழங்காலில் இரத்தம். மாமி மாமி என்று அவளிடம் போய் இரண்டு கையையும் தூக்கினான். அவள் தண்ணீர் கொண்டுவந்து காயத்தைக் கழுவினாள். மண்ணை ஊதிவிட்டாள். அவன் கழுத்தைக் கட்டப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழும்பி நின்றாள். களப்புப் பக்கம் முகத்தைத் திருப்பி, "ராத்தா, உங்கட புள்ள விழுந்துட்டான், வந்து தூக்குங்க" என்று உரக்கக் கூப்பிட்டாள்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் பத்தடி தூரத்தில், அவளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்குக் கேட்பதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. குனிந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.